மண்ணோடு ஒரு வீடு – 9: முதலில் சருகு மூட்டை

மாடித் தொட்டிக்கான மண் கலவையில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைக் கடையில் மூட்டையாக வாங்கலாம். ஆனால் நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் அதற்கான சரக்கு நாள்தோறும் அரைக் கிலோவாவது குப்பைக் கூடைக்குப் போகிறது: கத்தரிக்காய்க் காம்பு, கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், வடிகட்டிய டீத்தூள்.

இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தொடங்குவதில்லை. கேட்டால் நேரமில்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேசினால் உள்ளே இருப்பது வெளியே வரும்: நாறும், புழு வைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இந்தப் பயத்தைச் சோம்பல் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஈரக் குப்பையை இரண்டு நாள் பாலித்தீன் பையில் கட்டி வைத்துத் திறந்தவர்களுக்கு அது வீண் பயம் இல்லை என்று தெரியும்.

சிக்கல் அந்தப் பயம் செய்யவைக்கும் காரியத்தில் இருக்கிறது. நாற்றம் வெளியே வரக்கூடாது என்று வாளியை இறுக மூடுகிறோம். அருவருப்பினால் பல நாள் திறப்பதில்லை. உள்ளே காற்று தீர்ந்ததும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் பெருகி அழுகிய முட்டை நாற்றத்தை உண்டாக்குகின்றன. திறந்து பார்த்து, “அப்போதே சொன்னேன்” என்று கைவிடுகிறோம். காற்று புகுந்திருந்தால் அதே தோல்கள் வேறு நுண்ணுயிரிகளிடம் போயிருக்கும். நாற்றமும் எழுந்திருக்காது.

இதே காற்றில்லா அழுகல்தான் பெரிய அளவில் நம் குப்பை மேடுகளுக்குள்ளும் நடக்கிறது. அங்கே உண்டாகும் மீத்தேன் எரியக்கூடிய வாயு. புவி வெப்பத்தைக் கூட்டுவதில் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலியது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்து, சுற்றியிருந்த மக்கள் நாட்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். அங்கே போய்ச் சேர்வதில் நம் வீட்டுச் சாம்பார்க் காய்த் தோலும் உண்டு என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மாடு இருந்த வீடுகளில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அரிசி களைந்த நீரும் காய்த் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போயின. மிஞ்சியது சாணத்தோடும் சாம்பலோடும் கொல்லை எருக்குழியில் சேர்ந்தது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து ஆய்வு செய்த ஆல்பர்ட் ஹோவர்ட், செடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கிக் கிளறி மக்கவைக்கும் ‘இந்தூர் முறை’யை வகுத்தது நம் விவசாயிகளின் பழக்கங்களைக் கூர்ந்து பார்த்துத்தான். அடுக்குமாடி வீட்டில் மாடும் இல்லை, கொல்லையும் இல்லை. ஒரு வாளிக்கு இடம் இருக்கிறது.

வாளியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் ஒரு சாக்கு நிறையச் சருகு சேருங்கள். தெருவில் பெருக்கிக் குவித்த வேப்பிலை, புங்க இலை போதும். கிடைக்காதவர்கள் தென்னை நார்க்கழிவு வாங்கிக்கொள்ளலாம். நுண்ணுயிரிகளுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 30 பங்கு கார்பன் தேவை. காய்த் தோலில் நைட்ரஜனும் நீரும் மிகுதி, சருகில் கார்பன் மிகுதி. ஈரத்தை உறிஞ்சி, இடுக்குகளில் காற்றை நிறுத்துவதும் சருகுதான். தொடங்கிவிட்டு நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் இந்த மூட்டை இல்லாமல் தொடங்கியவர்கள் என்பது நான் பார்த்தது.

பிறகு பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று. அடியிலும் பக்கவாட்டிலும் பென்சில் பருமனுக்குத் துளைகள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அடியில் நான்கு விரல் உயரம் சருகு, மேலே பொடியாக நறுக்கிய தோல்கள், அவை கண்ணில் படாதபடி மறுபடி சருகு. ஒரு கரண்டி புளித்த மோரோ கைப்பிடி சாணமோ தெளித்தால் வேலை விரைவாகும். இரண்டு, மூன்று நாளுக்கொரு முறை குச்சியால் கிளற வேண்டும். மீன், இறைச்சி, எண்ணெய்க் குழம்பு மட்டும் இந்தச் சின்ன வாளிக்கு வேண்டாம். நாற்றம் வந்தால் பதற வேண்டியதில்லை. சருகு போட்டுக் கிளறினால் ஓரிரு நாளில் அடங்கும்.

புழுவும் வரலாம். பழுப்பு நிறத்தில், தட்டையாக, வரிவரியாக இருந்தால் அது ‘பிளாக் சோல்ஜர் ஃப்ளை’ என்ற ஈயின் புழு. தோல்களை வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ வீட்டு ஈயைப் போல நம் சோற்றை மொய்ப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் ஈரத்தைக் குறையுங்கள், குறைந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் தயங்குபவர் அடுக்களையில் நிற்பவர். வேலை தன் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே கிளறுவதும் சருகு சேர்ப்பதும் வீட்டில் மற்றவர்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

வாளி ஏறத்தாழ ஒரு மாதத்தில் நிறையும். அதை நிழலில் ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் இரண்டு, மூன்று மாதத்தில் கருமையாக, உதிரியாக, மழை பட்ட மண்ணின் வாசனையோடு இருக்கும். சல்லடையில் நிற்கும் மாங்கொட்டை, முருங்கைச் சக்கையை அடுத்த வாளியில் போடலாம். சின்ன வாளிக்குள் விதைகளைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறாது. ஆகவே இந்த உரமிட்ட தொட்டிகளில் தக்காளி, பூசணி, பப்பாளி என்று கேட்காத நாற்றுகள் முளைக்கும். எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைப் பிடுங்குவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)