எல்லையோரத்தில் ஒலித்த முதல் மணி

கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த கொல்லயில் ஊராட்சியிலிருந்து தமிழ்நாட்டின் களியக்காவிளைச் சந்தை வெகுதூரமன்று. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் திருவிதாங்கூர் வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் பின்னரும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், வேலையும் வணிகமும் எல்லையைக் கடந்தே நடந்து வந்தன. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டபோதுதான் அந்த எல்லை மக்களுக்கு ஒரு சுவராகத் தோன்றியது.

2020 ஜூன் 1 அன்று 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் பாடங்கள் தொடங்கின. கைப்பேசியை மட்டும் நம்பாமல் தொலைக்காட்சியைத் தேர்ந்தது அறிவார்ந்த முடிவு. இணையக் கட்டணம் இல்லை; பெரும்பாலான வீடுகளில் பெட்டியும் இருந்தது. எனினும், தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர்கள் மாநிலத்தில் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் எனக் கணக்கெடுப்பு காட்டியது. அதனால் முதல் இரு வாரங்கள் முன்னோட்டமாகக் கருதப்பட்டு, அதே பாடங்கள் மறுஒளிபரப்பாயின. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுத் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டன.

பாடத்தைக் கேட்பதற்குப் பெட்டி போதும். ஐயம் கேட்பதற்கு அது போதாது. எழுதிய பக்கத்தைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்ப வாட்ஸ்அப் வேண்டியிருந்தது. கட்டட வேலைக்கோ ரப்பர் பால் எடுக்கவோ செல்லும் தந்தையிடம் வீட்டின் ஒரே கைப்பேசி இருந்தால், பிள்ளையின் பள்ளி அவர் திரும்பிய பிறகே தொடங்கும். வீட்டில் இரு பிள்ளைகள் என்றால் மூத்தவருக்கே முதலிடம். பத்தாம் வகுப்புத் தேர்வின் முன் மூன்றாம் வகுப்பு எம்மாத்திரம்? 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழை எளிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதில் கிராமப்புறப் பிள்ளைகளுள் இணையவழியில் முறையாகப் பயின்றவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. 37 விழுக்காட்டினர் அறவே படிக்கவில்லை.

கருவி வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? கேரள அரசின் சிட்டி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் இணைந்து 'வித்யாஸ்ரீ' திட்டத்தை அறிவித்தன. மாதம் 500 ரூபாய் வீதம் 30 தவணைகள். மூன்று தவணை செலுத்தியதும் மடிக்கணினி கைக்கு வரும் என்பது ஏற்பாடு. சிறு சேமிப்பையே கடனுக்கு அடிப்படையாக்கிய இத்திட்டம், வங்கித் தொழிலை அறிந்தவர் எவரும் பாராட்டத்தக்கது. ஆனால் கொள்முதல் தாமதமாயிற்று. மடிக்கணினிகளின் வழங்கல் தொடங்கியபோது 2021 பிறந்துவிட்டது. தவணையைத் தவறாமல் கட்டிய தாய்க்கு, பிள்ளை இழந்த அந்த மாதங்களை எந்த வட்டி விகிதத்தில் ஈடுசெய்வது?

எல்லையோரத்தில் மொழி மற்றுமொரு இடர். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் இங்கு உண்டு. வகுப்பறையில் பிள்ளையின் முகம் பார்த்து ஆசிரியர் ஒரு சொல்லைத் தமிழில் மாற்றிச் சொல்வார். ஒளிபரப்பு எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. கேரளத்தின் தமிழ்வழிப் பாடங்கள் யூடியூபில் கிடைத்தன என்றாலும், அதற்கு மீண்டும் கைப்பேசியும் இணையமும் தேவைப்பட்டன. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி மொழியால் அணுக்கமானது. ஆனால் அது தமிழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியது. ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு இரு மாநிலங்கள் இரு நூல்களைக் கற்பித்தன. ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாகக் கொள்ள இயலவில்லை.

சிறு வகுப்புகளைத் திறக்க இரு மாநிலங்களும் அறிவித்த நாள் ஒன்றே: 2021 நவம்பர் 1. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எல்லை வகுத்த அதே தேதி என்பது தற்செயலே. கேரளத்தில் பெற்றோரின் ஒப்புதலுடன், மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு நண்பகல் வரை வகுப்புகள் நடந்தன. வீட்டிலிருந்தபடியே முதல் வகுப்பைக் கடந்து, இரண்டாம் வகுப்பில்தான் பள்ளி வாயிலை முதன்முதலாக மிதித்த குழந்தைகள் இருந்தனர். வரிசையில் நிற்பதும் பென்சில் பிடிப்பதும் அவர்களுக்குப் புதியவை. தமிழ்நாடு 'இல்லம் தேடிக் கல்வி' வாயிலாகத் தன்னார்வலரை மாலை வேளையில் தெருவுக்கே அனுப்பி இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது.

பள்ளி திறந்தும் பேருந்து வரவில்லை. இரு மாநிலங்களுக்கிடையிலான பொதுப் பேருந்துப் போக்குவரத்துக்குத் தமிழ்நாடு அனுமதி அளித்தது 2021 டிசம்பர் 1 முதல்தான். அதுவரை எல்லைக்கு அப்பால் குடியிருந்த ஆசிரியரும் மாணவரும் களியக்காவிளையில் இறங்கி, எல்லையை நடந்து கடந்து, மறுபுறம் வேறு பேருந்தில் ஏற வேண்டியிருந்தது. ஒமிக்ரான் அலையால் 2022 ஜனவரியில் ஒன்பதாம் வகுப்பு வரை மீண்டும் மூடப்பட்டது. கேரளப் பள்ளிகளில் அனைத்து மாணவர்களும் ஒருசேர அமர்ந்து மாலை வரை பயின்றது 2022 பிப்ரவரி 21 அன்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுள் பலருக்கு அதுவே முதல் முழுநாள் பள்ளி.