கோவூர் கிழார் பேசிய முறை

சினங்கொண்டவரிடம் உண்மையை உரைத்தல் எளிதன்று. சினங்கொண்ட இருவருக்கு நடுவே நின்று உரைத்தல் அதனினும் அரிது. புறநானூற்றில் கோவூர் கிழார் இவ்விரண்டையும் செய்து காட்டுகின்றார்; செய்யும் முறையோ வெவ்வேறு.

நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருக்கின்றான். உள்ளே யானைகள் தீனியின்றித் துதிக்கை தரையிற் புரள முழங்குகின்றன; குழந்தைகள் பாலின்றி அழுகின்றன. இவற்றை நேரிற் கண்டவர்போல் அடுக்கிச் சொல்லிய பின்னரே, "அறம் வேண்டின் கதவைத் திற, மறம் வேண்டின் போர் செய், அடைத்துக்கொண்டிருத்தல் நாணத்தக்கது" என்னும் பொருள்பட இடித்துரைக்கின்றார் (புறம் 44).

அவனும் நலங்கிள்ளியும் உறையூரில் எதிர்நிற்கும்போது அந்தக் கடுமை இல்லை. இருவர் மாலையும் பனையன்று, வேம்பன்று. இரண்டும் சோழர்க்குரிய ஆத்தியே என்கின்றார். யார் தோற்பினும் தோற்பது அவர்கள் குடியே. இருவரும் வெல்லுதல் இயலாது (புறம் 45). எவர் குற்றத்தையும் அவர் எடுக்கவில்லை.

மாணவர் இருவர் சண்டையிட்டால் "முதலில் தொடங்கியவன் யார்?" என்று கேட்கிறோம். கேட்டவுடன் இருவரும் வழக்கறிஞராகிவிடுகின்றனர்!

உறையூர்ப் போர் நின்றதா என்பதைக் கொளு கூறவில்லை. ஆனால் இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர் கிழார் பாடி அவன் உயிரை மீட்டார் என்கிறது 47ஆம் பாட்டின் கொளு.