எட்டே மாதத்தில் முடிந்த கல்யாணம்... 15 பாட்டாகப் பாடி மீண்ட கார்லி பியர்ஸ்!

கல்யாணமாகி எட்டு மாதம். அதற்குள் விவாகரத்து மனு. சாதாரண ஆளாக இருந்தாலே கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. அதுவே ஊரறிந்த பாடகியாக இருந்தால்?

அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பாடகி கார்லி பியர்ஸுக்கு 2020 ஜூனில் அந்த நிலைமைதான். சக பாடகர் மைக்கேல் ரேவை அவர் மணந்தது 2019 அக்டோபரில். அதற்கு முந்தைய மாதம்தான், அவருடைய முதல் ஹிட்டைத் தயாரித்துக் கொடுத்த பஸ்பி மூளைப் புற்றுநோயால் 43 வயதில் இறந்துபோனார். 2020 பிப்ரவரியில் இரண்டாவது ஆல்பம் வந்தது. அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு. மேடையும் போச்சு, பின்னாலேயே வீடும் உடைந்தது.

கென்டக்கியில் பிறந்த கார்லிக்குப் போராட்டம் புதிதல்ல. 16 வயதில் பள்ளியைவிட்டு நின்று, வீட்டிலிருந்தே படித்துக்கொண்டு, டோலி பார்ட்டனின் பொழுதுபோக்குப் பூங்காவான டாலிவுட்டில் பாடியவர். பிறகு நாஷ்வில் வந்து, வாய்ப்புக்காகக் காத்திருந்த வருடங்களில் வாடகைக்கு விடும் வீடுகளைச் சுத்தம் செய்திருக்கிறார். 2017-ல் 'எவ்ரி லிட்டில் திங்' பாட்டு பெயர் வாங்கித் தந்தது.

ஆனால், இந்த முறை வந்தது உழைத்தால் தீருகிற கஷ்டம் இல்லை. வெளியே சொன்னாலே கூச்சம். பேசாமல் நகர்ந்திருக்கலாம். அவரோ 2021 பிப்ரவரியில் '29' என்று ஏழு பாட்டு வெளியிட்டார். செப்டம்பரில் அதையே வளர்த்து '29: ரிட்டன் இன் ஸ்டோன்' என்ற 15 பாட்டு ஆல்பமாக்கினார். தன் வாழ்க்கை தலைகீழான வயதையே தலைப்பாக வைத்துவிட்டார்!

விவாகரத்து கன்ட்ரி இசைக்குப் பழைய விஷயம்தான். 1968-லேயே டாமி வைனெட், குழந்தைக்குப் புரியக்கூடாதென்று 'டிவோர்ஸ்' என்ற வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொல்லும் அம்மாவாகப் பாடி ஹிட் கொடுத்தார். கார்லி எதையும் ஸ்பெல்லிங்கில் ஒளிக்கவில்லை. அதற்காகப் புலம்பித் தள்ளவும் இல்லை. 'வாட் ஹி டிட்ன்ட் டூ' பாட்டில் அவன் செய்த தப்புகளின் பட்டியல் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் இருக்கிறது. சண்டையைவிட அது அதிகம் வலிக்கிறது.

ஆல்பத்தின் உச்சம், ஆஷ்லி மெக்பிரைடுடன் சேர்ந்து பாடிய 'நெவர் வான்டட் டு பி தட் கேர்ள்'. ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாமலேயே ஒரே ஆணிடம் ஏமாந்த இரண்டு பெண்களின் பாட்டு. இந்த இசையின் ராணி லொரெட்டா லின் 1960-களில் தன் கணவனைச் சுற்றி வருகிறவளை அடிக்காத குறையாக மிரட்டிப் பாடியவர். இங்கே அந்த இரண்டு பேரும் சண்டையே போடவில்லை. இருவருக்கும் ஒரே அவமானம். பாட்டு 2022-ல் ரேடியோ தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 2023-ல் கிராமி விருதும் வாங்கியது.

அந்த லொரெட்டாவுக்கும் ஆல்பத்தில் ஒரு கடிதம்போலப் பாட்டு உண்டு. கூடவே பாடியிருப்பவர் பேட்டி லவ்லெஸ். லொரெட்டாவும் சரி, இவர்களும் சரி, மூன்று பேருமே கென்டக்கி மண்! பஸ்பியை நினைத்து எழுதிய 'ஷோ மீ அரவுண்ட்' இன்னொரு வகை அழுகை. முன்னாலேயே போய்விட்டவர், நாளைக்குத் தன்னைச் சொர்க்கத்தில் சுற்றிக்காட்டுவார் என்ற கற்பனை அது.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. மது, பிரிவு என்று வழக்கமான பாதையில் போகும் ஓரிரண்டு உண்டு. ஆனால், மீண்டு வருவது ஒரே நாளில் நடக்கும் என்று ஆல்பம் எங்கும் பொய் சொல்லவில்லை. 'டே ஒன்' பாட்டு, பிரிவுக்குப் பிறகான நாள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது.

2021 ஆகஸ்டில், நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. நவம்பரில், கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாடகி விருது.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'மீன் இட் திஸ் டைம்'. இன்னொரு முறை கல்யாணம் என்று வந்தால், மனசறிந்து வாக்குக் கொடுப்பேன் என்கிறார் கார்லி.