செடிக்கு நிழல் கொடுங்க... கொசுவுக்கு இடம் கொடுக்காதீங்க!

கத்திரி வெயில் வந்துவிட்டால் நமக்கு மோர், இளநீர், நுங்கு என்று ஆயிரம் வழி. மொட்டை மாடித் தொட்டியில் நிற்கிற தக்காளிக்கும் கீரைக்கும் நீங்கள்தானே வழி செய்ய வேண்டும்?

எப்போது தண்ணீர் ஊற்றுவது?

காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுவது நல்லது. மாலையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். அதை நேராகச் செடிக்கு விடாதீர்கள். காலையிலேயே வாளியில் பிடித்து, நிழலில் மூடி வையுங்கள். மாலையில் அதை ஊற்றலாம்.

மத்தியானம் இலை வாடித் தொங்கினால், 'ஐயோ, தண்ணி பத்தலை' என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால், வெயில் தாழ்ந்ததும் இலை தானாக நிமிரும். ஈரத்தின் மேல் ஈரமாக ஊற்றினால் வேர் அழுகிப் போகும்.

மண்ணுக்கு ஒரு போர்வை

காய்ந்த சருகு, தென்னை நார்க் கழிவு எதையாவது மண்ணின் மேல் இரண்டு அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். ஈரம் சீக்கிரம் காயாது. தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். மிளகாய், தக்காளி, புது நாற்றுகளுக்கு மேலே பழைய வேட்டியைக் கட்டினாலும் போதும்.

தக்காளிப் பூ உதிர்கிறதா? கடும் வெயிலில் அது சகஜம். அதற்காக உரத்தை அள்ளிப் போடாதீர்கள். காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வேர் கருகும்.

அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். உப்புப் போட்டு வேக வைத்த தண்ணீர், சோப்புத் தண்ணீர் கீரைக்கு ஆகாது.

தட்டில் தேங்கும் ஆபத்து

இதுதான் முக்கியம். தண்ணீர் தரையில் ஓடக் கூடாதென்று தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறோம் இல்லையா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டே போதும். இது சாக்கடையைத் தேடிப் போகாது. வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். கடிப்பதும் பெரும்பாலும் பகலில்.

முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டில் உள்ள தண்ணீரைக் கொட்டினால் மட்டும் வேலை முடியவில்லை. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். வாரம் ஒரு நாள் தட்டைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். கொட்டாங்கச்சி, உடைந்த தொட்டி, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கு இறுக்கமான மூடி அவசியம்.

உங்களையும் கவனியுங்கள்

பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரை மாடிப் பக்கம் போகாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தலையில் துண்டு, காலில் செருப்பு, கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர். தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள்.

வாடின செடியைச் சாயங்காலம் கூடப் பார்த்துக் கொள்ளலாம். உடம்பு முதலில்!