வீட்டுக்குள் இருதயத்துக்கான பயிற்சி: கடினமான காணொளியைத் தெரிவு செய்வது எவ்வாறு?

"நடவுங்கள், உடலை அசையுங்கள்" என்று வைத்தியர் கூறக் கேட்காத நடுத்தர வயதினர் இன்று நம்மிடையே இல்லை எனலாம். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கொலஸ்திரோல் ஆகிய மூன்றில் ஒன்றேனும் எட்டிப் பார்க்காத குடும்பமும் அரிதாகிவிட்டது. இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் எட்டுக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் ஏற்படுபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பாகும். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வு, 20 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு ஆளாகியிருப்பதைக் காட்டியது. அதன் பின்னர் நிலைமை மேலும் மோசமடைந்துள்ளதே தவிரச் சீரடையவில்லை.

வைத்தியரின் ஆலோசனை இலகுவானது. அதை நிறைவேற்றுவதே கடினம். கடற்கரையிலோ மைதானத்திலோ நடப்பதற்கான நேரமும் இடமும் பெரும்பாலும் ஆண்களுக்கே வாய்க்கின்றன. அதிகாலையில் சமையலும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் வேலையும், மாலையில் இருள் சூழ்ந்தபின் வெளியே செல்லும் தயக்கமும், ஊரார் பார்வை பற்றிய கூச்சமும் தமிழ், முஸ்லிம் பெண்கள் பலரை வீட்டோடு நிறுத்திவிடுகின்றன. இத்தகையோருக்குத் தொலைக்காட்சியிலோ கையடக்கத் தொலைபேசியிலோ பார்த்துச் செய்யக்கூடிய உடற்பயிற்சிக் காணொளி ஓர் ஆடம்பரமன்று. பலருக்கு அதுவே எஞ்சியிருக்கும் வழி.

ஆயினும் இணையத்தில் குவிந்துகிடக்கும் எண்ணற்ற காணொளிகளுள் எதனைத் தெரிவு செய்வது என்பதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒருசாரார் முதல் வாரத்தில் தெரிவு செய்த இலகுவான காணொளியையே ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டு, பயன் கிட்டவில்லையே என்று சோர்ந்துபோகின்றனர். மற்றொரு சாரார் முதல்நாளே மிகக் கடினமானதில் இறங்கி, மூன்றாம் நாள் முழங்கால் வலியோடு அதனைக் கைவிடுகின்றனர். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. காணொளியின் கடினத்தைத் தமது உடலால் அளக்காமல், திரையில் தோன்றுபவரின் வியர்வையைக் கொண்டு அளந்துவிடுகின்றனர்.

ஒளிநாடாவிலிருந்து தொலைபேசி வரை

இருதயத்துக்கும் சுவாசப்பைக்கும் தொடர்ச்சியாக வேலை கொடுக்கும் பயிற்சிக்கு 'ஏரோபிக்ஸ்' என்ற பெயரைப் பரவச் செய்தவர் அமெரிக்க விமானப்படை வைத்தியரான கென்னத் கூப்பர். அப்பெயரிலேயே அவர் எழுதிய நூல் 1968 இல் வெளிவந்தது. 1982 இல் நடிகை ஜேன் பொண்டா வெளியிட்ட உடற்பயிற்சி வீடியோ நாடா, பயிற்சிக் கூடத்தை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. தொடக்க நிலையினருக்கு ஒரு வகுப்பும், தேர்ச்சி பெற்றோருக்கு வேறொரு வகுப்பும் அந்த ஒரே நாடாவில் இடம்பெற்றிருந்தமை கவனத்திற்குரியது. 1990 களின் பிற்பகுதியில் பில்லி பிளாங்ஸின் குத்துச்சண்டை அசைவுகள் கொண்ட 'டாய்போ' பிரபலமானது. லெஸ்லி சான்சோன் என்பவரோ நின்ற இடத்திலேயே நடக்கும் எளிய பயிற்சியைப் பரப்பினார். 2009 இல் வெளிவந்த 'இன்சானிட்டி' என்ற அறுபது நாள் பயிற்சித் தொடர் நீண்ட கடுமையான அசைவுகளையும் மிகக் குறுகிய ஓய்வையும் கொண்டது.

கொரோனாத் தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடைபட்ட 2020 மார்ச் மாதத்தில், பிரித்தானியரான ஜோ விக்ஸ் பாடசாலைப் பிள்ளைகளுக்காக யூடியூப்பில் நடத்திய நேரடி வகுப்பை ஒரே சமயத்தில் ஒன்பதரை இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் பார்த்தமை கின்னஸ் சாதனையாகப் பதிவாகியது. வீட்டுப் பயிற்சியை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடினம் எனப்படுவது யாது?

ஒரே காணொளி ஒருவருக்கு நடைப்பயிற்சியாகவும் மற்றொருவருக்கு மலையேற்றமாகவும் அமையலாம். எனவே கடினம் என்பதைச் செய்பவரின் மூச்சையும் நாடித்துடிப்பையும் கொண்டே தீர்மானிக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பயிற்சியின் நடுவே பேசிப் பாருங்கள். வசனம் வசனமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது நடுத்தரத் தீவிரம். நான்கைந்து சொற்களுக்கு மேல் மூச்சு இடங்கொடுக்கவில்லை என்றால் அது கடும் தீவிரம். தாராளமாகப் பாட முடிந்தால் அக்காணொளி உங்களுக்குப் போதுமானதன்று.

இன்னும் துல்லியமாக அறிய விரும்புவோர் மணிக்கட்டில் விரல்களை வைத்து 15 விநாடிகளுக்கு நாடித்துடிப்பை எண்ணி நான்கினால் பெருக்கலாம். 220 இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவரது உச்ச இருதயத் துடிப்பு அண்ணளவாகக் கிடைக்கும். நாற்பது வயதினர் ஒருவருக்கு இது 180 ஆகும். இதில் 64 முதல் 76 வீதம் வரை, அதாவது 115 முதல் 137 வரையான துடிப்பு நடுத்தரத் தீவிரம். அதற்கு மேற்பட்டது கடும் தீவிரம். ஆயினும் இச்சூத்திரம் சராசரியைக் கூறுவதேயன்றித் தனிமனிதருக்கு அளந்து தைத்த சட்டையன்று. அட்டினோலோல், பிசொப்ரோலோல் போன்ற மருந்துகளை உட்கொள்வோரின் இருதயத் துடிப்பை அம்மருந்துகளே மட்டுப்படுத்தி வைத்திருக்கும். ஆதலால் அவர்கள் துடிப்பை நம்பாது பேச்சுச் சோதனையையே நம்ப வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தோர் வாரமொன்றுக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை நடுத்தரத் தீவிரத்திலோ, 75 முதல் 150 நிமிடங்கள் வரை கடும் தீவிரத்திலோ, அல்லது இரண்டையும் கலந்தோ உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. கடினமான காணொளியின் உண்மையான பயன் இங்கேதான் புலப்படுகிறது. நேரமில்லாதவர் பாதி நேரத்தில் அதே பலனை அடையலாம். ஆனால் அந்த நிலைக்கு உடல் தயாராகியிருக்க வேண்டும்.

திடீர்ப் பாய்ச்சலின் ஆபத்து

மாரடைப்புக்கு உள்ளான 1228 நோயாளரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1993 இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக உணர்த்துகிறது. கடும் உழைப்பில் ஈடுபட்டதைத் தொடர்ந்து வரும் ஒரு மணித்தியாலத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு, மற்றைய வேளைகளோடு ஒப்பிடுகையில், வாரத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவாகக் கடும் உழைப்பில் ஈடுபடுவோரிடம் 107 மடங்காக உயர்ந்தது. வாரத்துக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ ஈடுபடுவோரிடம் அது 2.4 மடங்கு மாத்திரமே. எந்தவொரு தனி மணித்தியாலத்திலும் ஆபத்து மிகச் சிறியது என்பதால் இவ்வெண்ணைக் கண்டு அஞ்சி ஒதுங்கத் தேவையில்லை. பயிற்சியே பயிற்சியின் ஆபத்தைக் குறைக்கிறது என்பதே இதன் பாடம். பத்தாண்டுகளாக உட்கார்ந்தே வேலை செய்தவர், புதுவருடத் தீர்மானத்தோடு முதல்நாளே மிகக் கடினமான காணொளியை ஓடவிடுவதுதான் தவறு.

'டபாட்டா' என்ற பெயரில் இணையத்தில் பரவியுள்ள காணொளிகளும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கவை. 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு என ஏழெட்டுச் சுற்றுக்களைக் கொண்ட இம்முறை, ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டா 1996 இல் வெளியிட்ட ஆய்வினால் புகழ்பெற்றது. அதில் பங்குபற்றியவர்கள் ஏற்கெனவே உடற்தகுதி கொண்ட இளைஞர்கள். அவர்கள் செய்தது ஆய்வுகூடத்துப் பயிற்சிச் சைக்கிளில். அதே பெயரைத் தாங்கிய காணொளியைத் தரையில் துள்ளிச் செய்யும் ஐம்பது வயதினருக்கு அந்த ஆய்வின் முடிவுகள் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

துள்ளாமலும் மூச்சு வாங்கலாம்

கடினமென்றால் துள்ளவேண்டும் என்பது பரவலான தப்பெண்ணம். மூட்டுக்களின் மீதான தாக்கம் வேறு, இருதயத்துக்கான தீவிரம் வேறு. எப்போதும் ஒரு பாதமேனும் தரையில் இருக்கும் அசைவுகள் தாக்கம் குறைந்தவை. அவற்றிலும் முழங்காலை இடுப்பளவு உயர்த்துதல், கைகளைத் தலைக்கு மேலே வீசுதல், தாழ்ந்து எழுதல், தாழ்வான படியொன்றில் ஏறியிறங்குதல் ஆகியவற்றை வேகமாகச் செய்தால் இருதயம் கடுமையாக உழைக்கும். சீமெந்து அல்லது டைல் பதித்த தரை, பாரமான உடல், தேய்ந்த முழங்கால், தொடர்மாடியின் கீழ்வீட்டார் ஆகியவற்றில் ஒன்றேனும் இருப்பின், தாக்கம் குறைந்த, தீவிரம் கூடிய காணொளிகளைத் தேடுவதே புத்திசாலித்தனம். துள்ளும் பயிற்சியாயின் சப்பாத்து அணிவது அவசியம். வெறுங்காலுடன் டைல் தரையில் துள்ளுவது கணுக்காலுக்கு நல்லதன்று.

தெரிவின்போது கவனிக்க வேண்டியவை

முதற்றடவை காணொளியைச் செய்யாமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடமாவது உடலைச் சூடேற்றும் மெதுவான அசைவுகளும், முடிவில் படிப்படியாகத் தணியும் அசைவுகளும் உள்ளனவா? அசைவு மாறுவதற்கு முன்னரே பயிற்றுநர் அறிவிக்கிறாரா? அதே அசைவின் இலகுவான வடிவத்தைச் செய்து காட்ட இன்னொருவர் அருகில் நிற்கிறாரா? இவற்றுள் இறுதியானதே மிக முக்கியமானது. இலகு வடிவத்தையும் கடின வடிவத்தையும் ஒருங்கே காட்டும் காணொளி, பல மாதங்களுக்கு உங்களோடு சேர்ந்து வளரும்.

சிக்கலான நடன அடிகள் நிறைந்த காணொளிகளில் தொடக்கநிலையினர் அடிகளைக் கற்பதிலேயே நின்றுவிடுவதால் இருதயத்துக்கு வேலை கிடைப்பதில்லை. இசையையோ பயிற்றுநரின் உடையையோ விரும்பாத குடும்பங்களும் இவ்வழியைக் கைவிட வேண்டியதில்லை. இசையின்றி எண்ணிக்கை சொல்லி நடத்தப்படும் காணொளிகளும், முழு உடையணிந்த பெண்கள் நடத்தும் காணொளிகளும் தேடினால் கிடைக்கின்றன.

"30 நிமிடத்தில் 500 கலோரி" போன்ற தலைப்புகளை நம்பிவிடாதீர்கள். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அரை மணித்தியாலத்தில் 500 கலோரியைச் செலவிடுவதாயின், மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஓட்டவீரருக்கு நிகராக உழைக்க வேண்டும். துள்ளும் ஏரோபிக்ஸில் அவர் உண்மையில் செலவிடுவது 200 கலோரியளவே. அது ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். பயிற்சியின் பெரும்பலன் இருதயத்துக்கும் குருதிச் சீனியின் கட்டுப்பாட்டுக்குமே கிடைக்கிறது. தராசைப் பார்த்து அதனை மதிப்பிடுவோர் ஏமாற்றமே அடைவர்.

எப்போது அடுத்த படிக்கு ஏறுவது?

நின்ற இடத்தில் நடக்கும் 15 நிமிடக் காணொளியிலிருந்து தொடங்கலாம். முதலில் நாட்களை அதிகரியுங்கள். பின்னர் நிமிடங்களை அதிகரியுங்கள். தீவிரத்தை இறுதியாகவே கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணித்தியாலம் என்ற நிலை கைவந்தபின், அதே காணொளியின் நடுவே முழு வசனங்களைச் சிரமமின்றிப் பேச முடிவதும், முன்பைவிட நாடித்துடிப்பு குறைந்திருப்பதும் அடுத்த படிக்கான அறிகுறிகள். அப்போதும் கடினமான காணொளியை வாரத்தில் ஒரு நாள் மட்டும் சேர்த்து, பின்னர் இரண்டு, மூன்று நாளாக்கலாம். நாள்தோறும் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டியதில்லை.

இருதய நோய், கட்டுப்பாடற்ற குருதி அமுக்கம், நீரிழிவு உள்ளோரும் கர்ப்பிணிகளும் கடும் பயிற்சிக்கு முன் வைத்தியரை நாட வேண்டும். இன்சுலின் அல்லது கிளிபென்கிளமைட் போன்ற மருந்து எடுப்போருக்குப் பயிற்சியின்போது குருதிச் சீனி திடீரெனக் குறையக்கூடும். நோன்பு காலத்தில் இது மேலும் கவனிக்கப்பட வேண்டியது. நோன்பு நோற்போர் பகலில் கடும் பயிற்சியைத் தவிர்த்து, நோன்பு துறந்து இரண்டொரு மணித்தியாலம் கழித்துச் செய்வது பொருத்தமானது. சுகாதார அமைச்சு 2011 முதல் அமைத்துவரும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தோர் தமது குருதி அமுக்கத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். சில நிமிட ஓய்வில் அது தணியாவிடின் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கத் தயங்கலாகாது.

குடும்பத்தாருக்கும் இதில் ஒரு கடமையுண்டு. வீட்டுக்குள் பயிற்சி செய்யும் தாய் அல்லது மனைவி, அழைத்தவுடன் வரக்கூடியவராகவே கருதப்படுகிறார். பயிற்சியின் நடுவே தேநீர் கேட்கப்படுகிறது. தொலைக்காட்சி செய்திக்காக மாற்றப்படுகிறது. மிகச் சிறந்த காணொளியைத் தெரிவு செய்தாலும், குறுக்கீடற்ற அந்த அரை மணித்தியாலம் கிடைக்காவிடின் பயனில்லை. அதனை அவருக்கு வழங்குவது, நாளை வைத்தியசாலை வாசலில் காத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவோ மலிவானது.