பக்கத்துக் கம்பெனிக்காரனுக்கும் சொல்லு!

பி.காம். படித்த யாரிடமாவது, 'தொழில் ரகசியத்தைப் போட்டிக்காரனிடம் சொல்லலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். 'உனக்கென்ன பைத்தியமா?' என்பார். நானும் பி.காம்.தான். அதனால், சிப் வடிவமைக்கிற எஞ்சினீயர்களின் பழைய கதைகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. போட்டிக் கம்பெனிக்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'இந்த இடத்துல நான் வழுக்கி விழுந்தேன், நீ பார்த்துப் போப்பா' என்று சொல்கிற விசித்திர ஜாதி இது!

ஆரம்பம் 1955. லாக்ஹீட், நார்த் அமெரிக்கன் மாதிரி அமெரிக்க விமானக் கம்பெனிகள் ஐ.பி.எம். 701 கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒரே கணக்குக்கு ஆளாளுக்குத் தனித்தனியாகப் ப்ரோகிராம் எழுதியிருந்தன. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு வெட்டின கதை! அடுத்த மாடல் 704 வருவதற்குள் சான்டா மோனிகாவில் கூடினார்கள். எழுதியதைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் 'ஷேர்'. சங்கத்தை ஆரம்பித்தது ஐ.பி.எம். இல்லை, அதன் மெஷினோடு மல்லுக்கட்டியவர்கள்.

இந்த ஷேரின் பெயரில்தான் 1964-ல் அட்லாண்டிக் சிட்டியில் முதல் 'டிசைன் ஆட்டோமேஷன்' கூட்டம் நடந்தது. கையால் வரைகிற சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரையே வரைய வைப்பது எப்படி என்பதுதான் பேச்சு. (2020-ல் வந்த ஆப்பிளின் எம்1 சிப்பில் 1600 கோடி டிரான்சிஸ்டர்கள். கையால் வரைய உட்கார்ந்தால் கொள்ளுப்பேரன் காலத்தில்கூட முடியாது.) அந்தக் கூட்டத்தில் ஸாஃப்ட்வேர் கம்பெனிகள் கடை விரித்தது 1984-ல்தான். அதுவரை இருபது வருஷம் சமையல்காரர்களே கூடி, சமையலைப் பற்றியே பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த கதை கலிஃபோர்னியாவில், பெர்க்லி சர்வகலாசாலையில் நடந்தது. 1969-70-ல் ரோரர் என்ற வாத்தியார், சர்க்யூட் எப்படி வேலை செய்யும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் ப்ரோகிராம் எழுதுங்கள் என்று வகுப்பையே முடுக்கிவிட்டார். நீதிபதி, பேராசிரியர் டொனால்ட் பீடர்ஸன். அவருக்குப் பிடித்தால் எல்லாரும் பாஸ்! பிறந்த குழந்தைக்குப் பையன்கள் வைத்த பெயர் 'கான்சர்'. விரித்தால், 'கதிர்வீச்சு நீங்கலாக' என்று முடியும். ராணுவப் பணத்தில் எழுதப்பட்ட ப்ரோகிராம்களுக்கு, அணுக் கதிர்வீச்சைச் சர்க்யூட் தாங்குமா என்று பார்ப்பது முக்கிய வேலை. பையன்கள் அதற்குப் பழிப்புக் காட்டினார்கள்.

வகுப்பில் இருந்த லாரன்ஸ் நேகல் அதைத் தொடர்ந்து வளர்த்தபோது பீடர்ஸன் ஒரே பிடியாக நின்றார். கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்குகிற அளவுக்குத் திருப்பி எழுது, யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். அதுதான் 1973-ல் வெளியான 'ஸ்பைஸ்'. படிப்பை முடித்த பையன்கள் வேலைக்குப் போன கம்பெனிகளுக்கெல்லாம் அதையும் கொண்டு போனார்கள். அங்கே உதை வாங்கியது, திருந்தியது. நம் எஞ்சினீயரிங் காலேஜ் லேபில் பையன்கள் தட்டுகிற 'பிஸ்பைஸ்' இந்த வம்சம்தான்.

லேபில் உட்கார்ந்தவர்களுக்கு 'கன்வர்ஜென்ஸ் எர்ரர்' என்றால் வயிற்றைக் கலக்கும். ஸ்பைஸ் ஒரு விடையை யூகித்து, சரிபார்த்து, திருத்தி, மறுபடி சரிபார்த்து... விடை ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கையை விரித்துவிடும். எங்கள் பாஷையில், டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை! எந்தெந்தத் திருகாணியைத் தளர்த்தலாம் என்று கையேட்டில் இருக்கும். உங்கள் சர்க்யூட்டுக்கு எதை, எவ்வளவு? அது ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவனுக்குத்தான் தெரியும். ஸாஃப்ட்வேரை விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இன்றைக்குப் பயனாளர் கூட்டங்களை ஸாஃப்ட்வேர் கம்பெனிகளே நடத்துகின்றன. சினாப்ஸிஸ் கம்பெனி 1991-ல் ஆரம்பித்த 'ஸ்னக்' பெங்களூரிலும் நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பு இல்லை என்று மைக்கிலா சொல்ல முடியும்? போதாக்குறைக்கு, 'எங்கள் ஸாஃப்ட்வேரின் வேகத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டு வெளியிடக்கூடாது' என்று சில லைசென்ஸ் ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து வேறு. வாங்குகிறவர் தராசைத் தொடக்கூடாது என்கிற மளிகைக் கடையை நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் சிப் டிசைன் வேலையில் இருக்கும் என் சிநேகிதனிடம் கேட்டேன். "அப்போ நிஜமான விஷயத்தை எங்கேடா பேசுவீங்க?"

"காபி மெஷின் பக்கத்துல."

"போட்டிக் கம்பெனிக்காரன்கிட்டயா?"

"எங்க சிப்ல என்ன இருக்குன்னு உயிரே போனாலும் சொல்ல மாட்டேன். டூல் எந்த இடத்துல காலை வாருதுன்னு மட்டும் சொல்வேன். அதைச் சொல்லலைன்னா அவனும் ஒரு வாரம் தூங்க மாட்டான்."

"தூங்காம இருக்கட்டுமே... உனக்கு லாபம்தானே?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"போன டிசம்பர்ல நான் ஒரு வாரம் தூங்காம இருந்தப்ப, வழி சொன்னதே அவன்தாண்டா!"