சுழற்றும் அணி, தேயும் ஊசல்

கணக்கு பழகுவோம் – 17

அணிகள் கணிதப் புத்தகத்தில் வரும். அலைவுகள் இயற்பியல் புத்தகத்தில். இரண்டு ஆசிரியர்கள் இரண்டு பீரியடில் நடத்திவிட்டுப் போவார்கள். புதிதாகப் படிப்பவருக்கு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் தோன்றும். ஒரு வரைபடத்தாள் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றை நாமே வரவழைத்துவிடலாம்.

நான்கு எண்களை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் 0, −1. கீழ் வரிசையில் 1, 0. இதுதான் அணி. இதற்குள் (3, 1) என்ற புள்ளியைக் கொடுங்கள். மேல் வரிசை எண்களைப் புள்ளியின் எண்களோடு முறையே பெருக்கிக் கூட்டினால் −1 வரும். கீழ் வரிசைக்கும் அப்படியே செய்தால் 3. ஆக, (3, 1) என்பது (−1, 3) ஆகிவிட்டது. தாளில் குறித்துப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து உள்ள தூரம் மாறவில்லை; புள்ளி மட்டும் இடஞ்சுழியாக 90 பாகை நகர்ந்திருக்கிறது. வேறு கோணம் வேண்டுமானால், 0 இருந்த இரு இடங்களிலும் அந்தக் கோணத்தின் கோசைன். 1 இருந்த இடங்களில் சைன். கழித்தல் குறி மேலே வலது மூலையிலேயே இருக்கட்டும். சுழற்சி அணி என்பது இவ்வளவுதான்.

இப்போது அந்த 90 பாகை அணியின் எண்களை 0.9ஆல் பெருக்கிவிட்டு, (10, 0) என்ற புள்ளியிலிருந்து தொடங்குவோம். அடுத்தடுத்து (0, 9), (−8.1, 0), (0, −7.29), (6.561, 0) என்று வரும். புள்ளி சுற்றச் சுற்ற நடுவை நெருங்கி, ஒரு சுருளை வரைகிறது. அந்தச் சுருளை மறந்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் முதல் எண்ணை மட்டும் எழுதுங்கள்: 10, 0, −8.1, 0, 6.561. வலப்பக்கம் 10, நடு, இடப்பக்கம் 8.1, நடு, மறுபடி வலப்பக்கம் 6.561. ஊசல் ஆடி ஓய்வது இப்படித்தான்!

இயற்பியல் புத்தகம் இதையே தடையுறு அலைவு என்று சொல்லி, ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தரும். நிறை பெருக்கல் முடுக்கம், தடை மாறிலி பெருக்கல் திசைவேகம், விசை மாறிலி பெருக்கல் இடப்பெயர்ச்சி. மூன்றையும் கூட்டினால் பூச்சியம். மூன்றாவது உறுப்பு நடுவை நோக்கி இழுப்பது. இரண்டாவது, காற்று போடும் முட்டுக்கட்டை. தடை குறைவாக இருந்தால், தீர்வில் இரண்டு துண்டுகள் பெருக்கலில் நிற்கும். ஒன்று தேய்ந்துகொண்டே போகும் அடுக்குக்குறிச் சார்பு. மற்றது மேலும் கீழும் போய்வரும் கோசைன். நம் 0.9 செய்த வேலையை முதல் துண்டு செய்கிறது. 90 பாகைத் திருப்பத்தின் வேலையை இரண்டாவது செய்கிறது.

இரண்டும் ஒரே கம்பியில் தொங்கிய இடம் ஒன்று உண்டு. 1851இல் பாரிஸின் பாந்தியன் மண்டபத்தில், லியோன் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். பூமி சுழல்வதால் ஊசல் ஆடும் தளம் அங்கே மணிக்குச் சுமார் 11 பாகை வலஞ்சுழியாகத் திரும்பும். வடக்கே 3 மீட்டர்வரை போன குண்டு, வீச்சு குறையாமலிருந்தால், ஒரு மணி நேரம் கழித்துக் கிழக்கே 57 சென்டிமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பும். 11 பாகையின் சைன் 0.19, அதை 3ஆல் பெருக்கினோம்.

வீச்சு குறையாமலிருப்பதுதான் கஷ்டம். அந்த ஊசல் ஒருமுறை போய்வர 16 விநாடிக்குச் சற்று அதிகமாகும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வீச்சு பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், ஆறே நிமிடத்தில் பத்தில் ஒன்றாகிவிடும். அதற்குள் தளம் ஒரு பாகைதான் திரும்பியிருக்கும். கூட்டம் ஏமாந்து கலைந்திருக்கும். காற்றின் தடை குண்டின் பருமனைப் பொறுத்தது. அதை மீறி ஆட வைப்பது நிறை. கனமான குண்டும் நீளமான கம்பியும் தேய்மானத்தைத் தள்ளிப்போட்டதால்தான் திருப்பம் கண்ணுக்குத் தெரிந்தது.

திருப்பத்தின் வேகம் அட்சரேகையின் சைனைப் பொறுத்தது. டெல்லியின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்கும் ஃபூக்கோ ஊசலுக்கு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகிறது. சென்னையில் தொங்கவிட்டால் நாலரை நாள் ஆகும்.

வீட்டுக்கணக்கு: 0.9க்குப் பதில் 0.5 வைத்து, (16, 0)இலிருந்து ஐந்து புள்ளிகள் குறித்துப் பாருங்கள். தடையை இன்னும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஊசல் மறுபக்கம் எட்டியே பார்க்காது. கதவை அறையவிடாமல் மூடும் டோர் குளோசருக்கு அந்த எல்லை ஏன் முக்கியம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)